ட்ரெயின் போல்ட் முதல் வாரண்டி கிளைம் வரை: வீட்டில் செய்த ஆயில் சர்வீஸுக்கு ஆதாரம் சேர்க்கும் முறை

இன்ஜினில் கோளாறு என்று வாரண்டியில் வண்டியைக் கொண்டுபோனால், சர்வீஸ் அட்வைசர் கேட்கும் முதல் கேள்வி: "கடைசியா ஆயில் எப்ப மாத்துனீங்க, எங்க மாத்துனீங்க?" எப்போது என்பதற்குப் பதில் சொல்லிவிடலாம். எங்கே என்பதற்கு "வீட்டில்" என்றால், அவருடைய கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத பதிலை அவர் "ரெக்கார்டு இல்லை" என்று பதிந்துவிடுவார். அங்கிருந்து கிளைம் இறங்குமுகம்தான்.

இதை உடைக்கத் தேவையானது, ஸ்பேனர் பிடித்த அன்றைக்கே உண்டாக்கிய சான்று. கோளாறு வந்த பிறகு தேடி எடுக்கும் சான்றுக்குப் பாதி மதிப்புதான்.

பதிவுக்கு எடுத்துக்கொண்டது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். தமிழ்நாடு-கேரள எல்லையில் செங்கோட்டை, தென்காசி, புளியரை வழியாகப் புனலூர் என்று ஓடுகிற வண்டி. கையேட்டின்படி 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். கடின ஓட்டம் என்றால் 5,000 அல்லது 6 மாதம். இந்த வண்டிக்கு 10,000 சர்வீஸ் அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் முடிந்து, புத்தகத்தில் முத்திரையும் இருக்கிறது. 20,000 சர்வீஸும் அங்கேதான். இடையில் 15,000 வாக்கில் வரும் ஆயில் மாற்றத்தை மட்டும் வீட்டில் செய்கிறோம்.

ஏன் இந்த ஏற்பாடு என்றால், வாரண்டிப் புத்தகத்தைப் படித்தால் புரியும். வண்டியோடு வருவது பெரும்பாலும் இரண்டு புத்தகம்: ஓட்டுநர் கையேடு ஒன்று, வாரண்டி மற்றும் சர்வீஸ் புத்தகம் ஒன்று. முதலாவதில் எந்த ஆயில், எவ்வளவு என்று இருக்கும். இரண்டாவதில், அட்டவணைப்படியான சர்வீஸ்களை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதோ ஒரு வடிவில் இருக்கும். நீட்டிக்கப்பட்ட வாரண்டி வாங்கியிருந்தால் அந்த நிபந்தனை இன்னும் இறுக்கமாக இருக்கும். ஆகவே முத்திரை விழ வேண்டிய சர்வீஸை வீட்டில் செய்து 1,500 ரூபாய் மிச்சம் பிடிப்பது வாரண்டிக் காலத்தில் நல்ல கணக்கு அல்ல. வழக்கமான 10,000 கிலோமீட்டர் அட்டவணைக்கு மேல் கூடுதலாகச் செய்வதில்தான் சொந்தக் கைக்கு இடம் இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்து ஒழுங்காக எழுதி வைத்தால், கிளைம் வரும்போது வண்டியைக் கவனித்தவர் என்ற பக்கம் நீங்கள் நிற்கலாம்.

கடின ஓட்டம் என்பது மலையேற்றம் மட்டுமல்ல. செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் போய் நிறுத்துவதும் கடின ஓட்டம்தான். இன்ஜின் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிடும். உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற நேரம் கிடைக்காது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கணவாய்க் காற்று காற்றாலையைச் சுழற்றுவது மாதிரியே புழுதியையும் சுழற்றும். புளியரை எஸ் வளைவில் இரண்டாம் கியரில் ஏறும் சூடு அதற்கு மேல். இவையெல்லாம் கையேட்டின் கடின ஓட்டப் பட்டியலில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். "ஏன் 15,000-இல் மாற்றினீர்கள்" என்பதற்கு அதுவே பதில்.

பில்

ஆதாரத்தில் பாதி பில்தான். எல்லை ஊர்களில் இதில்தான் கோட்டை விடுகிறோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்காமல் கிடைப்பது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட சீட்டு. அதில் "ஆயில் 1, பில்டர் 1" என்று இருக்கும். அது பில் அல்ல, கிளைமில் அதற்கு எடை இல்லை. "அண்ணாச்சி, ஜிஎஸ்டி பில்லாப் போடுங்க, பார்ட் நம்பரும் வண்டி நம்பரும் எழுதிருங்க" என்று வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பணம் கொடுத்த பிறகு சொன்னால் கடைக்காரருக்கும் எரிச்சல், நமக்கும் அலைச்சல். 200 ரூபாய்க்குக் குறைந்த பொருளுக்கு, கேட்காவிட்டால் பில் தராமல் விட விதியில் இடம் உண்டு. கேட்டால் தர வேண்டும். காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடை வரி பிரித்துக் காட்டாமல் "பில் ஆஃப் சப்ளை" தரும். அதுவும் முறையான பில்தான், தயங்க வேண்டாம்.

பில்லில் பார்க்க வேண்டியவை: தேதி, கடையின் ஜிஎஸ்டி எண், ஆயிலின் முழுப்பெயரும் தரமும், ஃபில்டரின் பார்ட் நம்பர், உங்கள் பெயர், வண்டி எண். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுக் கடை 33, கேரளக் கடை 32. புனலூரில் வாங்கினால் 32-இல் தொடங்கும் எண்ணோடு பில் வரும். தென்காசி சர்வீஸ் சென்டரில் அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை, ஒரே நாட்டு வரிதான். "சேட்டா, பில் வேணம்" என்ற மூன்று சொல் மலையாளம் போதும். கையால் மலையாளத்தில் எழுதிய துண்டுச் சீட்டை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். செங்கோட்டைக்காரர்களுக்குப் பழைய மலையாளப் பத்திரம் புதிதல்ல, 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தானே இருந்தது. வாரண்டிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது.

பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ்என் எண் இருந்தால் இன்னும் நல்லது. ஆயில் ஃபில்டருக்கு 842123, ஏர் ஃபில்டருக்கு 842131. "பில்டர்" என்று மட்டும் எழுதியிருந்தாலும் எந்த ஃபில்டர் என்று இந்த எண் காட்டிக்கொடுக்கும்.

பில் வெப்பத்தாளில் அச்சானது என்றால் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். டேஷ்போர்டில் வெயில் படும் இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். பணத்தை யுபிஐ-யில் செலுத்துவது இன்னொரு பூட்டு. தேதி, தொகை, கடைப் பெயர் மூன்றும் வங்கிப் பதிவில் தானாகவே உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வண்டிக்கு வாங்கியவை: 0டபிள்யூ-20 என்ற பாகுநிலைத் தரத்து ஆயில் 3.5 லிட்டர் கேன் ஒன்று, ஒரிஜினல் ஆயில் ஃபில்டர் ஒன்று, ட்ரெயின் போல்ட் (ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில் இருக்கும் போல்ட்) வாஷர் ஒன்று. வாஷரின் விலை டீக்காசுதான், ஆனால் பில்லில் அது தனி வரியாக இருக்கட்டும். புது வாஷர் வாங்கியவன் வேலை தெரிந்தவன் என்பது அதைப் பார்க்கும் டெக்னீஷியனுக்குத் தெரியும். ஃபில்டரும் ஆயிலும் கம்பெனி பார்ட்டாகவே இருக்கட்டும். வேறு பிராண்டு தரம் குறைந்தது என்று சொல்லவில்லை. வாரண்டிக் காலத்தில் வாக்குவாதத்துக்கு ஒரு காரணம் குறையும், அவ்வளவுதான்.

கேமரா

கேனைத் திறப்பதற்கு முன்பே போட்டோ தொடங்க வேண்டும். சீல் உடையாத மூடி, தரம் அச்சிட்ட முகப்பு, பேட்ச் நம்பரும் தயாரிப்பு மாதமும் உள்ள இடம் என மூன்று படம். ஃபில்டர் பெட்டியில் பார்ட் நம்பர் ஸ்டிக்கர், பிறகு பெட்டிக்கு வெளியே ஃபில்டர் என இரண்டு படம். கேன் லேபிளில் எழுத்து மங்கல், ஹோலோகிராம் நகத்தில் உரிந்து வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். டூப்ளிகேட் ஆயிலுக்கு எவ்வளவு பக்காவான பில் இருந்தும் பயனில்லை.

படத்தைவிட வலுவானது, நடுவில் நிறுத்தாத ஒரே வீடியோ. நம்பர் பிளேட்டில் தொடங்கி, கதவைத் திறந்து, இக்னிஷன் போட்டு ஓடோமீட்டரைக் காட்டி, பானெட்டைத் திறந்து, சேசிஸ் நம்பர் தட்டைக் காட்டி, தரையில் வைத்திருக்கும் கேன், ஃபில்டர், பில் மூன்றிலும் முடிக்க வேண்டும். ஒன்றரை நிமிடம் போதும். தனித்தனிப் படமாக இருந்தால் "இந்த ஓடோமீட்டர் இந்த வண்டிதான் என்று எப்படித் தெரியும்" என்று கேட்கலாம். ஒரே ஓட்டத்தில் எடுத்த வீடியோவில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடும், படத்துக்குள் இருக்கும் தேதி, கேமரா விவரமும் போய்விடும். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். அனுப்பத்தான் வேண்டும் என்றால் "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள். வேலை முடிந்த அன்றே உங்கள் மின்னஞ்சலிலிருந்து உங்களுக்கே ஒரு பிரதி அனுப்புங்கள். போனின் தேதியை மாற்ற முடியும், அஞ்சல் சர்வரின் தேதியை நம்மால் மாற்ற முடியாது.

வேலை

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். சாய்வில் நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை, ஜாக்கி வைத்துத் தூக்கிய பின் ஸ்டாண்டு. வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது டயர் மாற்றுவதைவிட நூறு மடங்கு ஆபத்து.

ட்ரெயின் போல்ட்டைத் தொடுவதற்கு முன் மேலே ஆயில் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். கீழே எல்லாம் வடிந்த பிறகு மேல் மூடி இறுகிக் கிடந்தால் வண்டியை நகர்த்தவும் முடியாது. மூடியின் உட்புறத்தையும் படம் எடுங்கள். மோர் நிறத்தில் லேசான படிவு, அதுவும் சாரல் காலத்தில், பெரும்பாலும் குறுகிய ஓட்டத்தின் ஈரம்தான். டிப்ஸ்டிக்கிலும் அதே மோர் நிறம், கூடவே கூலண்ட் டப்பாவில் அளவு குறைவு என்றால் கதை வேறு. வேலையை நிறுத்திவிட்டு நேரே சர்வீஸ் சென்டர் போங்கள். அந்த நிலையில் ஆயிலை மாற்றினால் உங்களுக்குச் சாதகமான சான்றை நீங்களே வடித்துக் கொட்டிவிடுவீர்கள்.

பழைய அளவையும் படம் எடுங்கள், டிப்ஸ்டிக்கின் இரண்டு குறியும் தெரிய. பிறகு 17 எம்எம் ரிங் ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்துங்கள். வாய் திறந்த டபுள் எண்ட் ஸ்பேனர் வேண்டாம், போல்ட் தலையின் முனை மழுங்கிவிடும். கடைசி இரண்டு மரையைக் கையால் சுழற்றி, உள்ளே அழுத்திப் பிடித்தபடி சட்டென்று விலக்கினால் கை நனையாது. 15 நிமிடம் வடியட்டும். வடிந்ததை அளவு குறித்த கேனில் ஊற்றி எவ்வளவு என்று பாருங்கள். இந்த வண்டியில் 2.8 லிட்டர் வந்தது. ஃபில்டருக்குள் தங்கும் ஆயிலையும் சேர்த்துப் பார்த்தால் 5,000 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலைக் குடிக்கவில்லை என்று தெரிகிறது. இந்த ஒரு எண்ணை யாரும் குறித்து வைப்பதில்லை. பின்னாளில் "ஆயில் குடிக்கிறது" என்று கிளைம் போட நேர்ந்தால், எப்போதிலிருந்து தொடங்கியது என்று காட்ட இந்த எண்கள்தான் உதவும்.

போல்ட்டின் நுனியையும் வடிந்த ஆயிலின் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிற மை போன்ற படிவு இருந்தால் கவலை இல்லை. நகம் வெட்டிய துணுக்கு மாதிரி மின்னும் உலோகத் துகள் கிடந்தால் பேரிங்கோ வேறெதுவோ தேய்கிறது. அந்த ஆயிலைக் கொட்டாமல் மூடி வையுங்கள், வண்டியைச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டாமல் இழுத்துக் கொண்டுபோங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் இன்ஜின் பக்கத்து முகப்பைத் துணியால் துடைத்து ஒரு படம். வீட்டு வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு இங்கேதான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புது ஃபில்டரைத் திருகினால் இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று. சும்மா ஓடும்போது தாங்கும், மேட்டில் ஏறும்போது அழுத்தம் கூடி ரப்பர் பிதுங்கி, சில நிமிடத்தில் ஆயில் முழுவதும் ரோட்டில். அப்படிப் போன இன்ஜினுக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது, தர வேண்டியதும் இல்லை. சுத்தமான முகப்பின் படம், பழைய ஃபில்டரில் ரப்பர் இருக்கும் படம், இரண்டும் கோப்பில் இருந்தால் இந்தக் குற்றச்சாட்டு எழவே எழாது.

புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 35 நியூட்டன் மீட்டர். இது இந்த வண்டியின் எண், உங்கள் வண்டிக்குக் கையேட்டில் உள்ளதைப் பாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் "நல்லா இறுக்கினேன்" என்பது இரண்டு பக்கமும் வெட்டும். சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அலுமினியம் என்றால் அதிகம் இறுக்கி மரை போய்விடும். குறைவாக இறுக்கினால் மலைப்பாதை அதிர்வில் கழன்று வரும். ரெஞ்சின் அளவுக் கோடு தெரிய ஒரு படம் எடுத்த பிறகு, போல்ட்டுக்கும் சம்ப்புக்கும் குறுக்கே பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பின்னால் யாராவது கழற்றினால் கோடு பிசகிவிடும். சர்வீஸ் சென்டரில் இறக்கி ஏற்றும்போது நடந்த கோளாறா, வீட்டில் நடந்ததா என்ற சந்தேகத்தை அந்தக் கோடு தீர்க்கும்.

முதலில் 2.8 லிட்டர் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் ஓட விட்டு, ஆயில் விளக்கு அணைவதைப் பார்த்து, அடியில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக். மேல் குறிக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததில் மொத்தம் 3.1 லிட்டர், கையேட்டில் உள்ள அதே அளவு. கேனில் மிச்சம் 0.4. அதிகம் ஊற்றுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலில் அடித்து நுரை எழுப்பினால் பேரிங்குக்குப் போவது பாதி காற்றுதான்.

பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே தேதியும் கிலோமீட்டரும் எழுதி, அடுத்த ஆயில் மாற்றம்வரை வைத்திருங்கள். வெட்டித் திறந்தால் உள்ளே சிக்கிய துகள் தெரியும், ஆகவே அது பேசும் சாட்சி. கழிவு ஆயிலை வாய்க்காலிலோ மண்ணிலோ கொட்டாமல், எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ஏர் ஃபில்டர்

காற்றுக் காலத்தில் இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு ஆயிலைவிட இது முக்கியம். இன்ஜினுக்குள் புழுதி போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் கோடு கோடாகத் தேயும். கிளைமில் கம்பெனித் தரப்பு கையில் எடுக்கும் முதல் ஆயுதமும் இதுதான்: "தூசி போயிருக்கு, மெயின்டனன்ஸ் சரியில்ல." ஆயிலைச் சோதனைக் கூடத்தில் கொடுத்தால் சிலிக்கான் அளவு கூடியிருப்பது பெரும்பாலும் மண் புகுந்ததற்கு அடையாளம்.

ஃபில்டரைக் கம்ப்ரஸரில் ஊதி மறுபடி போடும் பழக்கத்தை வாரண்டிக் காலத்தில் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் தாள் கிழிந்திருக்கும். அழுக்குப் பக்கத்திலிருந்து ஊதினால் புழுதி தாளுக்குள்ளேயே இன்னும் ஆழமாக இறங்கும். புதிது போடுங்கள். போட்ட பிறகு மூடியின் கிளிப் எல்லாம் விழுந்ததா, ஓரத்து ரப்பர் மடங்காமல் உட்கார்ந்ததா என்று பாருங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துப் படம் எடுங்கள். துணி சுத்தமாக இருந்தால், அந்தத் தேதிவரை தூசி தாண்டவில்லை என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடையாது.

நோட்டுப் புத்தகம்

தனித்தாள் வேண்டாம். தைத்த நோட்டு, பக்க எண் போட்டது, பால்பாயிண்ட் பேனா. தப்பாக எழுதினால் ஒரே கோடு கிழித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம். வொயிட்னர் பட்ட பக்கம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். மூன்று வருஷத்துக் குறிப்பையும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதினால் பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆயில் கறை பட்ட, கையெழுத்து கோணலான நோட்டுதான் நம்பும்படி இருக்கும்.

ஒரு பதிவு இப்படி:

"15,120 கி.மீ. ஆயில் மாற்றம் (இடைக்காலம், கடின ஓட்ட அட்டவணை). வடிந்தது 2.8 லி. உலோகத் துகள் இல்லை. 0டபிள்யூ-20, பேட்ச் எண் …, ஊற்றியது 3.1 லி. ஃபில்டர் பார்ட் எண் …, புது வாஷர். போல்ட் 35 நி.மீ. ஏர் ஃபில்டர் புதிது, குழாய் சுத்தம். கசிவு இல்லை: 10 நிமிடம், மறுநாள் காலை இருமுறை பார்த்தது. பில் எண் …, படங்கள் 14, வீடியோ 1. கையொப்பம்."

இடையில் 100 மில்லி டாப்-அப் செய்தாலும் ஒரு வரி. வீல் அலைன்மென்ட் கடை பில், பங்ச்சர் பில் எதிலாவது கிலோமீட்டர் எழுதியிருந்தால் அதையும் கோப்பில் சேருங்கள். நீங்கள் எழுதிய கிலோமீட்டர் கணக்கை மூன்றாம் ஆள் உறுதி செய்கிறார் என்று பொருள்.

அன்றைக்கே சர்வீஸ் சென்டரின் மின்னஞ்சலுக்கு நாலு வரி அனுப்பிவிடுங்கள்: "மேற்கண்ட வண்டிக்கு 15,120 கி.மீ.யில், கையேட்டின் கடின ஓட்ட அட்டவணைப்படி, கம்பெனி ஆயிலும் ஃபில்டரும் கொண்டு இடைக்கால ஆயில் மாற்றம் செய்யப்பட்டது. பில்லும் படங்களும் இணைப்பில். 20,000 கி.மீ. சர்வீஸுக்குத் தங்களிடம் வருவேன். வண்டியின் பதிவில் சேர்த்துக்கொள்ளவும்." பதில் பெரும்பாலும் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. கோளாறு வருவதற்கு முன்பே தெரிவித்திருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். 20,000 சர்வீஸில் ஜாப் கார்டு (சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) எழுதும்போது "15,120-இல் உரிமையாளர் ஆயில் மாற்றினார்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்தில் அது வந்துவிட்டால் மற்ற எல்லாச் சான்றும் துணைச் சான்றுதான்.

கை வைக்கக் கூடாதவை

ஒயர். ஹார்ன், எல்இடி, கேமரா எதுவானாலும், ஒயரை வெட்டி ஒட்டி டேப் சுற்றியிருந்தால் அந்தச் சர்க்யூட்டில் வரும் எந்தக் கோளாறுக்கும் கிளைம் நிற்காது. வெட்டாமல் செருகும் கப்ளர் கிடைத்தாலும் வாரண்டிப் புத்தகத்தில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பிரேக் வேலையும் வேண்டாம். ஆரியங்காவிலிருந்து கீழே இறங்கும் வண்டி அது. டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4-க்கு இவை 230, 155. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டாத உயரமல்ல. மாற்றும் வேலையைச் சென்டருக்கு விடுங்கள், எந்த நிறம், எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துக் குறிப்பது மட்டும் உங்கள் வேலை. கூலண்ட்டும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றினாலும் ரேடியேட்டர் கிளைமில் அது பேசும்.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள், திரையைப் படம் எடுங்கள், குறியீட்டை அழிக்காதீர்கள். அழித்தால், அழித்த பிறகு ஓடிய தூரத்தை வண்டியின் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். கோளாறு நேர்ந்த கணத்தின் சூடு, வேகம், ஆர்பிஎம் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். உங்களுக்குச் சாதகமான சாட்சியாக இருந்திருக்கக் கூடியது அது.

பைக்காரர்களுக்கு ஒரு பத்தி. இலவச சர்வீஸ் கூப்பனை ஒன்றையும் விடாதீர்கள், நாள் தாண்டினாலும் கணக்கில் தவறியதுதான். கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கி ஓடும் பைக்குக்கு ஜாசோ என்ற ஜப்பானிய ஆயில் தரவரிசையில் எம்ஏ அல்லது எம்ஏ2 தரம். பெரும்பாலான கியர் இல்லா ஸ்கூட்டருக்கு எம்பி. வீட்டில் மிச்சம் இருக்கும் கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் நழுவும், அந்தக் கிளட்சுக்கு வாரண்டி கேட்க முடியாது. மற்ற ஆதார முறை எல்லாம் காருக்குச் சொன்னதுதான்.

கிளைம் அன்று

கோளாறு தெரிந்ததும் வண்டியை நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால் பெரிதான சேதத்தை வாரண்டி ஏற்காது. எந்தப் பாகத்தையும் கழற்றிப் பார்க்காதீர்கள். கொண்டுபோகும் முன், இன்ஜின் கோளாறு என்றால், சுத்தமான புட்டியில் டிப்ஸ்டிக் வழியாகச் சிரிஞ்சு கொண்டு 100 மில்லி ஆயில் எடுத்து மூடி, டேப் ஒட்டி, அதன் மேல் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இதையும் வீடியோவில் எடுங்கள். சோதனைக் கூடத்தில் பாகுநிலை பார்த்தால் ஊற்றிய தரம் சரியா என்று தெரிந்துவிடும். 20 கிரேடு ஆயிலுக்கு 100 டிகிரியில் 6.9-க்கும் 9.3-க்கும் இடையில் சென்டிஸ்டோக் இருக்க வேண்டும். பெட்ரோல் கலந்தால் இறங்கும், வெந்து கெட்டியானால் ஏறும்.

ஜாப் கார்டில் அறிகுறியை உங்கள் சொல்லில் எழுத வையுங்கள். "இன்ஜின் செக்கப்" என்று எழுதினால் ஒன்றுமில்லை. "காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பத்து நொடி டக் டக் சத்தம், 21,400 கி.மீ. முதல்" என்று இருக்க வேண்டும். நோட்டின் மூலத்தைக் கொடுக்காதீர்கள். பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்குங்கள். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள். வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்த கூலி யார் தலையில் என்று அதிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். பிரிக்கும்போது உடன் இருக்கவும், கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கவும் மின்னஞ்சலில் கேளுங்கள்.

மறுத்தால், வாய்மொழியை ஏற்காதீர்கள். வாரண்டிப் புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி மறுப்பு, நீங்கள் செய்த எந்த வேலை எந்தச் சேதத்தை எப்படி உண்டாக்கியது என்று எழுத்தில் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு அடிப்படை இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஆணையில், வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டியே ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே நடந்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்ட அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம் என்று சொன்னது. அது மேல்முறையீடுகளுக்குப் போன வழக்கு. ஆணையம் பேசியது வெளி ஒர்க்‌ஷாப்பைப் பற்றி, உரிமையாளர் சொந்தமாகச் செய்ததைப் பற்றி அல்ல. ஆகவே அதை ஆயுதமாக வீசாமல், "சேதத்துக்கும் என் வேலைக்கும் தொடர்பைக் காட்டுங்கள்" என்ற கேள்விக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டத்தை இணையத்தில் படித்துவிட்டு இங்கே வந்து பேசுகிறவர்கள் உண்டு. தென்காசி ஷோரூமில் அது செல்லாது.

அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு நன்மை: வண்டியைக் கொல்லத்திலோ புனலூரிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், மலை தாண்டி அலைய வேண்டாம். கட்டணம் ரிப்பேர் செலவை வைத்து அல்ல, வண்டிக்குக் கொடுத்த விலையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. சீல் வைத்த ஆயில் புட்டியும் பையில் கட்டிய ஃபில்டரும் அங்கேதான் மதிப்புப் பெறும்.

போட்டோவையும் வீடியோவையும் வழக்கில் வைத்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்கப்படலாம். அதில் கோப்பின் ஹேஷ் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளம்) குறிக்க ஓர் இடம் இருக்கிறது. வீடியோவை எடுத்த அன்றே இலவச மென்பொருள் ஒன்றில் ஷா-256 என்ற வகை ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு நோட்டில் எழுதி வைக்கலாம். 64 எழுத்து, இரண்டு வரி பிடிக்கும். பின்னால் அந்தக் கோப்பில் ஒரு நொடி வெட்டியிருந்தாலும் எண் ஒத்துப்போகாது. பழைய போனை விற்கும் முன் மூலக் கோப்புகளை ஒரு பென்டிரைவிலும் கம்ப்யூட்டரிலும் இரண்டு பிரதியாக ஏற்றி, எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே விற்க வேண்டும்.